நிழலில் நாற்பது, கையில் எத்தனை?

சித்திரை பிறந்ததும் நம் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் வரும். வேலூரில் வெயில் சதம், திருத்தணியில் சதம், திருவண்ணாமலையில் சதம். சதம் என்றால் 100 டிகிரி ஃபாரன்ஹீட்; செல்சியஸில் 37.8. கைப்பேசி செய்பவர்களின் மனத்தில் இருப்பது வேறோர் எண். சுற்றியுள்ள காற்று 0 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது ஐபோனைப் பயன்படுத்துங்கள் என்கிறது ஆப்பிள். அந்த 35, ஃபாரன்ஹீட்டில் 95தான். வெயில் சதமடிப்பதற்கு வெகு முன்பே, செய்தியாகவே ஆகாத ஒரு சாதாரணக் கோடை நாளிலேயே, நம் ஊர் அந்த எல்லையைக் கடந்துவிடுகிறது. கடற்காற்று நேரத்துக்கு வந்து சேராத உள்நாட்டில், பாறை மலையின் அடிவாரத்தில் இருக்கும் திருவண்ணாமலையில் கோடைப் பிற்பகல்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான்.

போதாததற்கு, அந்தச் சதமும் நிழலில் அளந்தது. வானிலைத் துறை வெப்பமானியை வெயிலில் தொங்கவிடுவதில்லை. காற்று தாராளமாகப் புகுந்து போகும்படி சாய்வுப் பலகைகள் பொருத்திய ஒரு வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து நாலடி உயரத்தில் வைக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் (நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை). அதில் அளக்கப்படுவது காற்றின் வெப்பம் மட்டுமே. வெயிலில் கிடக்கும் பொருளின் வெப்பம் தனிக் கணக்கு. உச்சிவேளையில் பிரகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு நடந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடையில் தமிழ்நாட்டுக் கோயில்களில் நடைபாதைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள், தேங்காய் நார் விரிப்பு போடுகிறார்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. நார் விரிப்பு கல்லின் சூடு காலுக்கு ஏறாமல் தடுக்கிறது. இந்த இரண்டு உத்திகளில் முதலாவது கைப்பேசிக்கு நன்மை, இரண்டாவது கெடுதல்.

ஏன் என்று பார்க்க, சூடு எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பேட்டரியிலிருந்து கைப்பேசி எடுக்கும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகத்தான் முடிகிறது. மோட்டார், தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றுகிறது. அந்த ஆற்றலில் ஒரு பங்கு தொட்டி நீரில் தங்கிவிடுகிறது. கைப்பேசியின் சில்லு கோடிக்கணக்கான கணக்குகளைப் போட்டாலும் அப்படி எதையும் மேலே ஏற்றி வைப்பதில்லை. திரையிலிருந்து கொஞ்சம் ஒளியும், ஆன்டெனாவிலிருந்து கொஞ்சம் ரேடியோ அலையும் வெளியே போகின்றன. மிச்சமெல்லாம் சூடு. ஆகவே கைப்பேசி சூடாவது கோளாறு அல்ல. அந்தச் சூடு வெளியே போக வழி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வழியின் அகலத்தை ஒரு தாளில் கணக்கிட்டுவிடலாம். சராசரிக் கைப்பேசி 16 சென்டிமீட்டர் நீளம், ஏழரை சென்டிமீட்டர் அகலம். இரு முகங்களையும் சேர்த்தால் 240 சதுர சென்டிமீட்டர் பரப்பு. காற்று அசையாத அறையில், ஒரு சதுர மீட்டர் பரப்பு, சுற்றுப்புறத்தைவிட ஒவ்வொரு டிகிரி கூடுதலாக இருப்பதற்கும் சுமார் 10 வாட் சூட்டை வெளியேற்றும். காற்றில் போவது பாதி, கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சாகப் போவது பாதி என்று வைத்துக்கொள்ளலாம். நம் 240 சதுர சென்டிமீட்டருக்கு இது டிகிரிக்குக் கால் வாட்டுக்கும் சற்றுக் குறைவு. திருப்பிச் சொன்னால், உள்ளே எரியும் ஒவ்வொரு வாட்டையும் வெளியேற்ற, கைப்பேசியின் உடல் சுற்றுக்காற்றைவிட நான்கு டிகிரி அதிகச் சூட்டில் இருந்தாக வேண்டும். வாட்டுக்கு நாலு டிகிரி. இந்த அத்தியாயத்தில் இந்த ஒரு கணக்கை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும்.

இப்போது காணொளி எடுத்தபடியே நேரலையில் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாட் செலவாகிறது. பன்னிரண்டு டிகிரி. கார்த்திகை தீபத்தன்று மாலை, மழைக்காலக் குளிர் இறங்கிக் காற்று 24 டிகிரியில் இருக்க, மலையுச்சிக் கொப்பரையை நோக்கி ஆயிரமாயிரம் கைப்பேசிகள் உயர்கின்றன. உங்கள் கையிலிருப்பது 36 டிகிரி. உள்ளங்கையின் இளஞ்சூடு, அவ்வளவுதான். அதே கைப்பேசி, அதே காணொளி, அக்னி நட்சத்திரத்தில், 40 டிகிரி நிழலில் 52 டிகிரிக்குப் போயாக வேண்டும். கைப்பேசி மாறவில்லை, அதன் வேலையும் மாறவில்லை. சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய காற்றுதான் நிரம்பி நிற்கிறது. சர்வீஸ் கடைக்குப் போய் ‘போன் ரொம்ப ஹீட் ஆகுதுங்க’ என்பவர்களில் பலருக்கு வேறு போன் தேவையில்லை. மே மாதத்தில் அந்தக் கடைக்குப் போனவர் டிசம்பரில் அதே குறையைச் சொல்வதில்லை என்பதே அதற்குச் சான்று.

வெயிலுக்கு வருவோம். உச்சிப்பொழுதில் தெளிந்த வானிலிருந்து ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1,000 வாட். கைப்பேசியின் ஒரு முகத்தில் மட்டும் 12 வாட். திரைக் கண்ணாடி கறுப்பு; விழுவதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். மூன்று வாட்டுக்கே திணறும் உடல் மீது பத்து வாட் கூடுதலாக ஏறுகிறது. ஹேண்டில்பாரில் போன் மாட்டிக்கொண்டு உணவு கொண்டுபோகும் இளைஞர்களுக்கும், முன்கண்ணாடியை ஒட்டிப் பொருத்திக்கொண்டு சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் நேர்வது இதுதான். வெளிச்சம் கூடக்கூடத் திரை தன் பிரகாசத்தையும் உச்சத்துக்கு ஏற்றிக்கொள்கிறது. வழிகாட்டும் செயலி ஓய்வில்லாமல் ஓடுகிறது. வண்டியிலிருந்து சார்ஜும் ஏறுகிறது. ஓடும்போது எதிர்க்காற்று ஓரளவு காப்பாற்றும். ரயில்வே கேட்டிலோ சிக்னலிலோ நின்றதும் காற்று நிற்கிறது, வெயில் நிற்பதில்லை. ஆர்டர் வரும் நேரம் பார்த்துத் திரை மங்கி, செயலி திணறினால் அன்றைய வருமானத்திலேயே கை வைக்கிறது. இவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் யோசனை விலை இல்லாதது: போனுக்கு மேல் நிழல். ஒரு சின்ன அட்டை மறைப்பு பத்து வாட்டைத் தடுக்கும். எந்த விலையுயர்ந்த குளிர்விப்பானும் இதற்கு ஈடாகாது.

நின்றிருக்கும் கார் இன்னும் மோசம். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்ய உத்தரவிட்டது. கோயிலின் அமைதிக்கு அது நல்ல உத்தரவு. ஆனால் வெளியூரிலிருந்து வருபவர் போனை டேஷ்போர்டில் வைத்துப் பூட்டிவிட்டுத் தரிசனத்துக்குப் போனால், திரும்பி வரும்போது அது அடுப்பில் இருந்த நிலைதான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெயிலில் நிறுத்திய காரை அளந்து 2005இல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்ததால் பெரிய வேறுபாடு இல்லை. அவர்கள் கவலைப்பட்டது காரில் விட்டுச் செல்லப்படும் குழந்தைகளுக்காக. அந்த எண்களை நம் ஊர்க் காற்றோடு கூட்டினால் 60ஐத் தாண்டுகிறது. இருக்கைக்கு அடியில், பைக்குள், அணைத்து வைப்பது டேஷ்போர்டைவிட எவ்வளவோ மேல். பொருள் பாதுகாப்பு அறை இருந்தால் அங்கே கொடுப்பது அதைவிட மேல்.

சூடு எல்லை மீறினால் கைப்பேசி சும்மா இருப்பதில்லை. உள்ளே பல இடங்களில் வெப்ப உணரிகள் இருக்கின்றன. முதலில் சில்லு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் குறைந்த மின்னழுத்தத்திலேயே அதை இயக்கலாம். செலவாகும் ஆற்றலோ மின்னழுத்தத்தின் இருபடியைப் பொறுத்தது. ஆகவே வேகத்தைப் பாதியாக்கினால் சூடு பாதியைவிட வெகுவாகக் குறைகிறது. அடுத்து திரை மங்கும், ஃபிளாஷ் வேலை செய்யாது, சார்ஜ் ஏறுவது நிற்கும். கடைசியில் எச்சரிக்கை காட்டிவிட்டு எல்லாவற்றையும் நிறுத்தும். ‘ஹேங் ஆகுது’ என்று நாம் அலுத்துக்கொள்ளும் அந்த நேரத்தில் அது தன்னையும் நம் கையையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அப்போது திரும்பத் திரும்பத் தட்டுவதும், அணைத்து உடனே போடுவதும் வேலையைக் கூட்டவே செய்யும். ‘கூலர்’ என்ற பெயரில் வரும் செயலிகளும் அப்படித்தான். சூட்டைக் குறைக்க இன்னொரு நிரலை ஓட்டுவதில் பொருளே இல்லை; அவற்றை நீக்கிவிடுங்கள்.

விலை உயர்ந்த போன்களில் ‘வேப்பர் சேம்பர்’ இருக்கிறது என்று விளம்பரம் செய்கிறார்கள். தண்ணீர்ப் பந்தலில் இருக்கும் மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, கிராமுக்கு ஏறத்தாழ 2,400 ஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நம் உடல் வியர்த்துக் குளிர்வதும் இதே வழியில்தான். இது எவ்வளவு பெரிய உதவி என்றால், நான்கு வாட் சூட்டில் தவிக்கும் கைப்பேசிக்கு வியர்க்க முடிந்தால், பத்து நிமிடத்துக்கு ஒரு கிராம் வியர்வையே போதும். வேப்பர் சேம்பர் என்பது தாள் போல மெல்லிய, வாய் மூடிய உலோகத் தகடு. உள்ளே துளி நீர். சில்லின் மேல் நீர் ஆவியாகிறது, ஓரத்தில் மறுபடி நீராகிறது, நுண்திரி வழியாகத் திரும்புகிறது. ஜார்ஜ் குரோவர் 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டிய வெப்பக் குழாயின் தட்டை வடிவம் அது. ஆனால் பானையிலிருந்து ஆவி வெளியே போய்விடுகிறது, இங்கே போகவில்லை. அதனால் இது சூட்டை உடல் முழுக்கப் பரப்புமே தவிர, ஊரை விட்டு அனுப்பாது. ஓரிடத்தில் சுடுவது நின்று, பரப்பு முழுவதும் வேலை செய்யும். அது உண்மையான பயன். வாட்டுக்கு நாலு டிகிரி என்ற கணக்கு மட்டும் பல்லாயிரம் ரூபாய் போனுக்கும் மாறாது.

பேக் கவரைப் பற்றி ஒரு வார்த்தை. சூடு என்றதும் எல்லாரும் முதலில் கவரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் ரப்பர் கவரும், அதற்கும் போனுக்கும் நடுவே சிக்கிய காற்றும் சேர்ந்து சாதாரண வேலையில் ஏற்றுவது இரண்டு மூன்று டிகிரி என்றே கணக்கு வருகிறது. கீழே விழுந்து கண்ணாடி உடைவதைவிட அது சிறிய இழப்பு. எப்போதும் கழற்றிவிட்டுத் திரிய வேண்டாம். சார்ஜ் போடும்போதும் காணொளி எடுக்கும்போதும் கழற்றினால் போதும்.

கிரிவலத்தில் வேறொரு சிக்கல் சேர்கிறது. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். அவ்வளவு கைப்பேசிகளும் ஒரே சில கோபுரங்களைக் கூப்பிடுகின்றன. கோபுரம் அருகில் இருந்து சிக்னல் நன்றாக இருந்தால் கைப்பேசி மெல்லிய குரலில் பேசும்; சிக்னல் நலிந்தால், மலையோ கட்டடமோ கூட்டமோ குறுக்கே நின்றால், தன் முழுச் சக்தியையும் போட்டுக் கத்தும். 4ஜி கைப்பேசி காற்றில் விடும் அலை அதிகபட்சம் 0.2 வாட்தான். அதை உண்டாக்கும் பெருக்கி அதைப்போல் சில மடங்கு மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். போகாத படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பப் பார்க்கும்போது அது ஓயாமல் எரிகிறது. இரவிலும் தார்ச்சாலை பகலில் குடித்த வெயிலைக் கக்கிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, தோள்பையில் பவர் பேங்கும் போனும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு சார்ஜ் ஏறும். ‘பாக்கெட்டில் சும்மாதான் இருந்தது, ஏன் சுடுகிறது?’ என்ற கேள்விக்கு இதுதான் விடை. சிக்னல் இல்லாத நேரத்தில் விமானப் பயன்முறையில் போட்டு வைத்து, அஷ்டலிங்கங்களில் ஏதாவது ஒன்றின் அருகே இளைப்பாறும்போது திறந்து பாருங்கள். மலை வலப்பக்கம் இருக்கும்வரை இந்தப் பாதையில் வரைபடம் யாருக்கும் தேவைப்படுவதில்லை.

சில சமயம் குற்றவாளி மென்பொருள். 2023 செப்டம்பரில் ஐபோன் 15 ப்ரோ வந்தவுடனேயே சூடாகிறது என்ற புகார் உலகெங்கும் எழுந்தது. டைட்டானியச் சட்டகத்தின் மீதுதான் பலருக்குச் சந்தேகம். இயங்குதளத்தில் ஒரு பிழையும், சில செயலிகள் சில்லை வாட்டுவதும்தான் காரணம் என்று விளக்கம் தந்த ஆப்பிள், சில நாள்களில் 17.0.3 என்ற திருத்தத்தை வெளியிட்டது. குளிர்ந்த அறையில், எதுவும் செய்யாதபோதும் உங்கள் போன் சுட்டால், அமைப்புகளில் பேட்டரிப் பகுதியைத் திறந்து எந்தச் செயலி தின்கிறது என்று பாருங்கள். வெயில் மீது பழிபோட முடியாத ஒரே நிலை அதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் அன்றைக்கு வரும் தொல்லை. நின்று கொல்லும் தொல்லை பேட்டரியில் நிகழ்கிறது. சோனி 1991இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரிதான் இன்றும் வேறு வேறு வடிவங்களில் நம் கையில் இருக்கிறது. அதற்கு அடித்தளமிட்ட குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதன் கிராஃபைட் முனையின் மீது மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டு. அது இல்லாமல் பேட்டரி இல்லை. அது தடித்தாலோ, வேலை செய்ய வேண்டிய லித்தியத்தை அதுவே விழுங்கிவிடும். சூடு கூடினால் இந்தத் தடிப்பு வேகம் பிடிக்கிறது. வேதிவினைகள் பலவும் பத்து டிகிரி ஏறினால் சுமார் இரு மடங்கு வேகமாகும் என்பது பழைய பொது விதி. முழு சார்ஜில் இருந்தால் மின்னழுத்தம் உச்சத்தில் நின்று, மறுமுனையிலும் சிதைவைக் கூட்டுகிறது. இரண்டும் சேர்வதுதான் ஆபத்து. பேட்டரித் துறையில் பரவலாகச் சொல்லப்படும் அளவு இது: 40 சதவீத சார்ஜோடு 25 டிகிரியில் ஓராண்டு வைத்த பேட்டரி, தன் கொள்ளளவில் 96 சதவீதத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது, முழு சார்ஜோடு 40 டிகிரியில் ஓராண்டு வைத்தது சுமார் 65 சதவீதத்தோடு நிற்கிறது. அந்த 40 டிகிரி ஆய்வகத்தில் வேண்டுமானால் அபூர்வமாக இருக்கலாம். நமக்கு அது மே மாதம்.

தவணையில் வாங்கிய போன், தவணை முடியும் முன்பே அரை நாள்கூடத் தாங்காமல் போவதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம். பகல் முழுக்கச் சூட்டில் உழைத்த போனை, இரவு தலைமாட்டில், இலவம்பஞ்சுத் தலையணைக்கு அடியில், விடியும்வரை நூறு சதவீதத்தில் சார்ஜில் போட்டு வைக்கிறோம். பஞ்சு, கோயிலில் போட்ட நார் விரிப்பைப் போலவே சூட்டை மறிக்கிறது. இங்கே மறிக்கப்படுவது வெளியேற வேண்டிய சூடு. பேட்டரிக்கு மட்டும் கேடு இல்லை. ஹார்வர்டில் மோரிட்ஸும் ஹென்ரிக்கஸும் 1947இல் வெளியிட்ட ஆய்வின்படி, 60 டிகிரி சூடு ஐந்து விநாடியில் தோலைப் பொசுக்கும். வெறும் 44 டிகிரியும் ஆறு மணி நேரம் விடாமல் தொட்டுக்கொண்டிருந்தால் அதையே செய்யும். ஆறு மணி நேரம் என்பது ஓர் இரவுத் தூக்கம். குழந்தைகள் படுக்கும் இடத்தில் சார்ஜாகும் போன் இருக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. எண்பது சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது. கோடையில் அதைப் போட்டு வையுங்கள். வயரில்லா சார்ஜரைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். அதில் வீணாகும் ஆற்றல் போனின் முதுகிலேயே சூடாக இறங்குகிறது.

சுட்டுவிட்ட போனை என்ன செய்வது? ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். நாலைந்து டிகிரிக்குக் குளிர்ந்த பொருளை நம் ஊர்க் காற்றுக்குக் கொண்டுவந்தால் அதன் மீதும், இடுக்கு இருந்தால் உள்ளேயும் நீர் கோக்கும். ஈரத்துணியும் வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கி, கவரைக் கழற்றி, அணைத்து, நிழலான வீட்டுத் தரையில் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். சிமென்ட்டோ கிரானைட்டோ டைல்ஸோ, தரை நல்ல சூட்டு விழுங்கி. மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லைதான், ஆனால் போனின் மேல் ஒட்டிக்கிடக்கும் சூடான காற்றுப் படலத்தைத் துடைத்தெறிகிறது. வாட்டுக்கு நாலு டிகிரி என்பது இரண்டாகவோ ஒன்றரையாகவோ குறைகிறது. பத்து நிமிடம் போதும்.

வெடித்துவிடுமோ என்ற அச்சம் பலருக்கு. 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்து, இந்திய விமானங்களில்கூட அதற்குத் தடை வந்தது. பேட்டரியின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் இருந்த குறைகளே காரணம் என்று 2017 ஜனவரியில் அந்த நிறுவனமே அறிவித்தது. பேட்டரிக்குள் இரு முனைகளையும் பிரிக்கும் பிளாஸ்டிக் படலம் உருகச் சுமார் 130 டிகிரி வேண்டும். குறையில்லாத பேட்டரியை அன்றாடப் பயன்பாடு அங்கே கொண்டுபோகாது. கீழே விழுந்து நசுங்கியது, தரமில்லாத மாற்று பேட்டரி, உப்பிவிட்டது, இந்த மூன்றும்தான் அஞ்ச வேண்டியவை. பின்மூடி தூக்கிக்கொண்டாலோ, திரையின் ஓரம் பிரிந்தாலோ, பேட்டரி உப்பியிருக்கிறது. உள்ளே சிதைவால் வாயு சேர்ந்துவிட்டது. அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். கடைக்குக் கொண்டுபோகும்வரை மணல் பரப்பிய மண்சட்டியில் தனியே வையுங்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலக்கக் கூடாது. திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. சர்வீஸ் கடையில் கொடுத்தாலும், கழற்றியதை எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். குப்பை வண்டியில் நசுங்கும் ஒரு லித்தியம் பேட்டரி அந்த வண்டியையே எரித்துவிடக்கூடும். அப்போது அதன் பக்கத்தில் நிற்பவர் தூய்மைப் பணியாளர்.